தோட்ட நலன்புரிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, தாய்மாரே, பெரியோரே, வணக்கம்.

திருவிழா, மரண உதவி, வாசிகசாலைக் கூரை ஆகியவற்றின் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் இவ்வருடம் நாம் செய்த பிள்ளைகளின் நிறை, உயரம் பார்க்கும் வேலையைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதத்தினர் வயதிற்கேற்ற உயரமின்றி இருந்தனர். பெருந்தோட்டங்களில் அது 31.7 சதவீதம். இந்தக் கணக்கு மேடைகளில் பேசப்பட்டது. நம் லயங்களுக்கு, அதாவது நாம் வாழும் வரிசை வீடுகளுக்கு, வந்து அதை விளக்கியவர் எவருமில்லை. ஆகவே, நமது முடிவுகளை முதலில் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) தாய்மாரிடம் சொல்வது, அதன் பின்பே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் தோட்ட நிர்வாகத்திற்கும் அனுப்புவது என்று தீர்மானித்தோம்.

அது நல்ல தீர்மானம். குடும்பநல உத்தியோகத்தர் வளர்ச்சி வரைபடத்தைக் காட்டி விளக்கியதும், தாய்மார் பேசத் தொடங்கினார்கள். தேயிலைக் கொழுந்து அதிகமாக வரும் நாளில் கிளினிக் வைத்தால், கொழுந்து பறிக்கும் மலையை விட்டு வருகிறவருக்கு அரைப்பெயர்தான், அதாவது அரைநாள் சம்பளந்தான், விழும் என்றார்கள். நாம் நிரப்பிய எந்தப் படிவத்திலும் அப்படியொரு கேள்வி இல்லை. பிள்ளைகள் வராததற்குப் பெற்றோரின் அக்கறையின்மையே காரணம் என்று இனி எவரும் எழுதக் கூடாது.

இரண்டாம் முறை நிறை பார்த்தபோது பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். ஆனால், தாய் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்ய, அம்மாயியிடம் (தாயின் தாயிடம்) வளரும் பிள்ளைகளில் பலர் அன்று வரவில்லை. வந்தவர்களை மட்டும் கணக்கெடுத்து முன்னேற்றம் என்று அறிவிப்பது, வராத பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். குறையைச் சொன்னால் உதவி நின்றுவிடும் என்று அங்கத்தவர் சிலர் அஞ்சினார்கள். அந்த அச்சம் எனக்கும் புரிகிறது. இருந்தும் தேறியதையும் வராததையும் எழுதியே அனுப்பினோம்.

லயம் வாரியான எண்ணிக்கையை மட்டும் வெளியிடவில்லை. ஒரு லயத்தில் இருப்பதே சில குடும்பங்கள். பெயர் போடாவிட்டாலும் எந்த வீட்டுப் பிள்ளை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அந்த விபரம் அந்தந்தத் தாயிடம் தனியாகச் சொல்லப்பட்டது.

அறிக்கையின் தமிழ்ப் பிரதி பக்கத்துத் தோட்டச் சங்கங்களுக்கும் கொடுக்கப்பட்டுள்ளது. அவர்கள் கேட்டால், நேரில் சென்று வாசித்து விளக்க நம் இளைஞர்கள் தயாராக இருக்கிறார்கள்.

கிளினிக் நாளை மாற்றக் கோரும் கடிதம் பொருளாளரின் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அங்கத்தவர்கள் அனைவரும் அதில் கையொப்பமிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்