அந்த முள்ளங்கிய பறிச்சாச்சா கண்ணா?

அன்புள்ள கண்ணா,

உன் ஸ்கூல் புள்ளைகள வச்சு தோட்டம் போட்டு சமையல் கிளாஸ் எடுக்குறியே, அதுல கத்தி விஷயம் ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன், நீ இப்பல்லாம் "கிளாஸ்ல இருக்கேம்மா"ன்னு வச்சிடுற, அதான் எழுதுறேன். சின்னப் புள்ளைக கையில மொக்கக் கத்தி குடுத்தா சேஃப்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, அது தப்பு. மொக்கக் கத்தி வெட்டாது, வழுக்கும், புள்ள இன்னும் பலமா அழுத்தும், அப்பதான் விரல்ல ஏறும். கூர் இருக்கணும், ஆனா சின்ன கத்தியா, முனை மழுங்குனதா இருக்கணும். பலகைக்கு அடியில ஈரத்துணி விரிச்சா நகராது. வெள்ளரிக்காய முழுசா குடுத்துடாத, உருளும், நீயே நீளவாக்குல ரெண்டா பொளந்து தட்டையா கவுத்தி வச்சுக் குடு. காயப் புடிக்கிற கையில விரல் நுனியெல்லாம் உள்ள மடங்கி இருக்கணும், பூனை நகத்த இழுத்துக்கிற மாதிரி. டேபிள் அதுக இடுப்பு உயரத்துக்கு வரணும், நெஞ்சு உயரத்துக்கு இருந்தா எக்கி எக்கி வெட்டும், மணைப்பலகை எதையாவது போட்டு ஏத்தி நிக்க வை.

இதெல்லாம் அவனுக்குத் தெரியாதான்னு அப்பா கேக்குறாரு. தெரியும்தான், சொன்னா என்ன குறைஞ்சு போச்சு.

அவரு கதை தெரியுமா, வீட்டுக்குள்ள "வாத்தியார் வேலைக்குப் போனானா சமையல் வேலைக்குப் போனானா"ன்னு கேக்க வேண்டியது, வெளிய வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் நீ சொன்னதையே சொல்ல வேண்டியது. கலிஃபோர்னியால பெர்க்லில 1995-ல ஆலிஸ் வாட்டர்ஸ்னு ரெஸ்டாரண்ட் நடத்துற அம்மா ஒரு ஸ்கூல்ல சும்மா கெடந்த எடத்த தோட்டமாக்கி கிச்சனும் வச்சாங்களாம், கிண்டர்கார்டன் ஆரம்பிச்ச ஃப்ரோபெல்லே அந்தக் காலத்துல புள்ளைக்கு ஒரு பாத்தின்னு பிரிச்சுக் குடுத்தாராம், அதத்தான் எம் பையனும் பண்றான்னு. கேக்க எனக்கும் பெருமையாத்தான் இருக்கு, ஒண்ணு மட்டும் இடிக்குது. பெர்க்லில இருக்கிறது மிடில் ஸ்கூல், அதுக 11 வயசுக்கு மேல. உன் கிளாஸ்ல 6 வயசு. அந்த வயசுக்கு இலை கிள்ளுறது, பட்டாணி உரிக்கிறது, கழுவுறது, மசிக்கிறது இதுவே பெரிய வேலை. கத்தி எடுத்தா ஒரு தடவைக்கு நாலு புள்ளைக்கு மேல வேண்டாம், நீ அந்த டேபிள விட்டு நகரக்கூடாது, மத்ததுக இன்னொரு டீச்சரோட தோட்டத்துல இருக்கட்டும். ஃபோன் வந்தாக்கூட எடுக்காத. என் ஃபோனா இருந்தாலும்.

முள்ளங்கி போட்டிருக்கோம்னு போட்டோ அனுப்பினியே, ரெண்டு இலை விட்டிருந்துச்சு. நல்ல வேலை பண்ணின. அது நாலஞ்சு நாள்ல முளைச்சிடும், சின்ன சிவப்பு முள்ளங்கின்னா 25, 30 நாள்ல புடுங்கிடலாம். கேரட் போட்டிருந்தா முளைக்கவே ரெண்டு வாரம்கூட ஆகலாம், அதுக்குள்ள அதுக தெனம் தோண்டிப் பாத்து நாசம் பண்ணிடும். பீன்ஸும் போடு, விதை பெருசு, அதுக கைக்கு அடங்கும். விதை கனத்துக்கு ரெண்டு மடங்கு ஆழம் போதும்னு சொல்லிக் குடு, இல்லன்னா பாதாளத்துல பொதைக்கும். தண்ணி ஊத்த எல்லாம் போட்டி போடும், அதுலயே செடி அழுகிடும், விரல மண்ணுல விட்டுப் பாத்து ஈரம் இருந்தா ஊத்தக்கூடாதுன்னு பழக்கு.

ஆனா கண்ணா, கணக்கு போட்டுப் பாத்தா அந்த முள்ளங்கிய எப்பவோ பறிச்சிருக்கணுமே. பறிச்ச போட்டோ வரலையே. ஒரு தக்காளி காய்ச்சாக்கூட எனக்கு போட்டோ வரும்.

கை வெட்டிடுச்சுன்னா சுத்தமான துணிய வச்சு விடாம அழுத்திப் புடிக்கணும், திறந்து திறந்து பாக்கக்கூடாது. தோட்டத்து மண்ணுல வேலை செஞ்ச கைன்னா டெட்டனஸ் ஊசி போட்டிருக்கான்னு கேக்கணும். அந்தப் பொண்ணுக்கு போட்டிருந்துச்சா?

சரி, எழுதிட்டேன், அடிச்சுத் திருத்தல. அக்கா சொல்லிட்டா. அவளத் திட்டாத, நான்தான் துருவித் துருவி கேட்டேன். மூணு தையல்னா. அந்தப் பொண்ணோட அம்மா வந்து சத்தம் போட்டாங்களாம், கத்தியெல்லாம் பீரோல வச்சுப் பூட்டியாச்சாம், கிளாஸே நின்னு போச்சாம். அம்மாகிட்ட சொன்னா பயப்படுவான்னுதானே மறைச்ச, இப்பப் பாரு, ரெண்டு பக்கத்துக்கு கத்தியப் பத்தியே எழுதி வச்சிருக்கேன்.

அவங்க வீட்டுக்குப் போனியாடா? போகலன்னா போ. ஃபோன்ல பேசாத, நேர்ல போய் எப்படி நடந்துச்சோ அப்படியே சொல்லு, நீ எங்க நின்ன, என்ன பாத்துட்டு இருந்தன்னு. அவங்க கத்தினா கத்தட்டும், பெத்தவங்க கத்தத்தான் செய்வாங்க. அதவிட அந்தப் பொண்ணுகிட்ட பேசு. உன்னாலதான் சமையல் கிளாஸ் போச்சுன்னு மத்ததுக சொல்லாம இருக்கும்னு நெனைக்கிறியா? சொல்லும். அந்தத் தையல் பிரிச்சுடுவாங்க, இதை யாரு பிரிப்பா. கிளாஸ் முன்னாடி வச்சு அவ மேல தப்பு இல்லன்னு நீதான் சொல்லணும்.

மறுபடி ஆரம்பிச்சா கத்தி இல்லாம ஆரம்பி. எந்தப் புள்ளைக்கு எது ஒத்துக்காதுன்னு, நிலக்கடலை, எள்ளு, முட்டை, பால் எல்லாம், வீட்டுல எழுதி வாங்கு. ராஜ்மாவ பச்சையா வாயில போட விட்டுடாத, ஊற வச்சு தளதளன்னு கொதிச்சு நல்லா வேகணும், அரைவேக்காடு வயித்த பொரட்டிடும். தோட்டத்து ஓரத்துல அரளியோ ஆமணக்கோ இருந்தா மொதல்ல புடுங்கு. சாப்பிட மாட்டேன்னு சொல்ற புள்ளைய வற்புறுத்தாத, புதுசா ஒரு காய் அதுகளுக்குப் புடிக்க எட்டு பத்து தடவை ஆகும், மோந்து பாத்துட்டு வச்சாலும் ஒரு தடவைதான்.

முள்ளங்கி இந்நேரம் முத்தி உள்ள பஞ்சாயிருக்கும். புடுங்கிப் போட்டுடாத. பூக்க விடு, தேனீ வரும், அப்புறம் காய் வைக்கும், பிஞ்சுக் காயா கடிச்சா முள்ளங்கி காரமே இருக்கும், மிச்சத்த செடியிலயே காய விட்டா விதை. வெட்ட வேண்டியதே இல்ல, ரெண்டு விரலால கிள்ளுனா வந்துடும். ஹெட்மாஸ்டர்கிட்ட இதச் சொல்லிக் கேளு.

அம்மா