கைப்பேசியைப் பறிப்பதற்கு முன்: துணைவேந்தர்களுக்கும் முதல்வர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் வணக்கம்.

பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆண்கள் விடுதியில் பதினான்கு ஆண்டுகள் உதவிக் காப்பாளராக இருந்தேன். இரவு பதினொன்றரைக்கு மாடி மாடியாக ஏறி, போர்வைக்குள் தெரியும் கைப்பேசி வெளிச்சத்தைத் தேடுவது என் வேலை. பறித்தவற்றை அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். ஒழுங்கைக் காப்பாற்றுகிறேன் என்று மனதார நம்பினேன்.

இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன். மூன்று அரியர். காலையில் மெஸ்ஸுக்கு வரமாட்டான், முதல் வகுப்புக்குப் போகமாட்டான், விடிய விடிய ரீல்ஸ் பார்ப்பான். இரண்டு முறை கைப்பேசியைப் பறித்தேன்; நண்பனிடம் பழைய கைப்பேசி ஒன்றை வாங்கிக்கொண்டான். மூன்றாம் முறை பறிக்கவில்லை. கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, என்னப்பா செய்கிறது என்று கேட்டேன். கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் முகம் வருகிறது, நெஞ்சு அடைக்கிறது, ஃபோனை எடுத்தால் அது அடங்கிவிடுகிறது என்றான். இப்படி ஒரு கேள்வியைக் கேட்க எனக்குப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

பதிவேட்டில் நான் அவனைச் சோம்பேறி என்று எழுதியிருந்தேன். வேலையைத் தள்ளிப்போடுவது, அந்த நேரத்து மனவருத்தத்திலிருந்து தப்பிக்கும் வழி என்று ஃபியூஷா சிரோயிஸ், டிம் பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013-இல் விளக்கியிருக்கிறார்கள். தன் மனதில் இருப்பது பயமா, அவமானமா, தனிமையா என்று பெயர் சொல்லத் தெரியாத பிள்ளை, அதை மறக்க எது கைக்கு எட்டுகிறதோ அதைப் பிடித்துக்கொள்கிறான். சிலருக்குக் கைப்பேசி, சிலருக்குச் சிகரெட், சிலருக்குப் பணம் வைத்து ஆடும் விளையாட்டு.

சுயக்கட்டுப்பாடு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆசையை அடக்குவது என்றே நாம் போதிக்கிறோம். பிரையன் கல்லாவும் ஏஞ்சலா டக்வொர்த்தும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது: கட்டுப்பாடு மிக்கவர்கள் பெரும்பாலும் நல்ல பழக்கங்களின் துணையோடு நடப்பவர்கள், ஒவ்வொரு முறையும் மனதோடு மல்லுக்கு நிற்பவர்கள் அல்லர். அந்த மாணவனும் நானும் அதைத்தான் செய்து பார்த்தோம். கைப்பேசியை அவனே வராந்தாவில் சார்ஜ் போட்டுவிட்டு வருவான். இரவு உணவு முடிந்ததும் இரண்டு நண்பர்களோடு மெஸ் மேசையிலேயே நாற்பது நிமிடம் கணக்குப் போடுவான். பயம் வந்தால் என்னிடம் வந்து சொல்வான். இரண்டு அரியர் அந்த ஆண்டே போயிற்று. மூன்றாவதற்கு இன்னொரு வருடம் பிடித்தது.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. வேறு வேலை பார்க்கும் விரிவுரையாளர் ஒருவரின் பெயரைப் பலகையில் எழுதி இதை முடித்துவிடாதீர்கள். ஆலோசகரை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் உட்கார வைக்காதீர்கள். தண்டிக்கிறவரிடம் எந்தப் பிள்ளையும் மனம் திறக்காது. உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய, ஆலோசகரிடம் பேசியது வீட்டுக்குப் போகக் கூடாது. இன்டர்னல் மதிப்பெண்ணை வகுப்பில் உரக்க வாசித்து அவமானப்படுத்தும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். இரவில் ஆலோசகர் இருக்கமாட்டார். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண் ஒவ்வொரு மாடியிலும் ஒட்டப்பட்டிருக்கட்டும்.

கலையரங்கில் ஆயிரம் பேரை உட்கார வைத்து நடத்தும் ஒருநாள் ஊக்க உரை, மனதைக் கையாளக் கற்றுத்தரப் போதாது. உணர்ச்சியைக் கையாளப் பழகுவது நீச்சல் போல, தண்ணீரில் இறங்கித்தான் வரும். முதல் பருவத்தின் கால அட்டவணையில், முப்பது பேருக்கு மிகாத குழுக்களாக, தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாமல், இந்தப் பயிற்சிக்காக வாரம் ஒரு மணி நேரம் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விடுதி உதவிக் காப்பாளர் ஒருவர்