எண்பது சென்ட்

பழையபேட்டை,
கிருஷ்ணகிரி.

அன்பு மகள் ஆயிஷாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் உருதுதான் பேசுகிறோம் என்றாலும் பேனாவை எடுத்தால் எனக்குத் தமிழ்தான் வருகிறது. வக்கீல் குமாஸ்தாவாக முப்பத்திரண்டு வருஷம் மனு எழுதிய கை. அன்று நீ கேட்டதற்கு "அப்புறம் சொல்கிறேன் மகளே" என்று வாட்ஸப்பில் குரல் அனுப்பினேன் இல்லையா? அந்த அப்புறம் வருவதற்குப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது.

மலேசியாவில் உன் சட்ட வகுப்பில் ஃபராயிஸ், அதாவது வாரிசுப் பங்குக் கணக்கு நடத்திய உஸ்தாத், சொந்தக் குடும்பத்தையே வைத்துப் போட்டுப் பாருங்கள் என்றாராம். நீ தாதாவை, அதாவது என் அப்பாவை எடுத்துக்கொண்டாய். மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. சொத்தை 24 பங்காக்கினால் தாதிக்கு, என் அம்மாவுக்கு, 3; எனக்கு 14; உன் பூபிக்கு, என் தங்கைக்கு, 7. சந்தூர் மாந்தோப்பு 2 ஏக்கர் 40 சென்ட், அதாவது 240 சென்ட். பரீட்சைக்கென்றே தாதா வாங்கி வைத்த மாதிரி மீதியில்லாமல் வகுபடுகிறது. 30, 140, 70. அதன் கீழே "பூபியின் 70 எங்கே அப்பா?" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாய்.

எங்கே என்று சொல்கிறேன். கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அதே 2004-ல், தாதா மௌத்தாகி எட்டு மாதம் கழித்து, பூபியும் தாதியும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தார்கள் என்பது பேச்சுக்கு. எழுதியது நான். "மனப்பூர்வமாகச் சம்மதித்து, ரூபாய் 10,000 ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, மேற்படி சொத்தில் இனி எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை" என்று ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். எங்கள் சீனியர் வக்கீல் படித்துவிட்டு, நல்ல டிராஃப்ட் என்றார். அந்தப் பத்தாயிரத்தை நான் கொடுக்கவில்லை. பூபியின் நிக்காஹுக்குச் செலவு செய்தோமே, அதில் கழித்துக்கொண்டேன், மனதுக்குள்.

உன் பூபி காவேரிப்பட்டணத்திலிருந்து பஸ்ஸில் வந்தாள். ரிஜிஸ்திரார் ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த டிபன் கேரியரைப் பிரித்து எனக்கும் சாட்சிகளுக்கும் சாப்பாடு வைத்தாள். பத்திரத்தைப் படிக்கவில்லை. "எனக்கு மாய்க்கா, பிறந்த வீடு, இருந்தால் போதும் பாய், வந்து போக ஒரு வாசல்" என்றாள். தம்பி இல்லாத வீட்டில் அண்ணனையும் கோபித்துக்கொண்டால் ரம்ஜானுக்கு யார் வீட்டுக்குப் போவாள்? அந்தப் பயத்துக்குத்தான் நான் "மனப்பூர்வமாக" என்று பெயர் வைத்தேன்.

நீ படிப்பவள், அதனால் சட்டத்தையும் சொல்கிறேன். 1937 ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலத்தை விட்டுவிட்டார்கள். மாந்தோப்பு அதில் வராது என்று யாராவது வாதாடினால் நம்பாதே. 1949-லேயே மெட்ராஸ் திருத்தம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. ஆக, நம் ஊரில் தோப்புக்கும் உன் 24 பங்குக் கணக்குதான். தாதா உயிரோடு இருக்கும்போதே பூபியிடம் கையெழுத்து வாங்கியிருந்தால், வரப்போகிற பங்கை விட்டுக்கொடுப்பது செல்லாது என்று வாதாட இடம் உண்டு. அது எனக்குத் தெரியும். அதனால்தான் அவர் போகும்வரை காத்திருந்தேன். இதை எழுதும்போதுதான் எனக்கே வெட்கமாக இருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழி இல்லை.

உன்னை அனுப்பிய சமயத்தில் சொந்தக்காரர்கள் பேசியது நினைவிருக்கிறதா? தர்மபுரியிலேயே 2017-ல் அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது, மலேசியாவில் கோம்பாக்குக்கு ஏன் அனுப்புகிறாய், பெண் ஓதப் போகிறாளா வக்கீலாகப் போகிறாளா என்று கேட்டார்கள். நானும் பெருமையாக, 1983-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், ஆங்கிலேயர் வழிக் காமன் லாவும் ஷரீஅத்தும் ஒரே பிள்ளைக்குச் சொல்லித் தருகிறார்கள், நாலு வருஷத்துக்கு மேல் இன்னொரு வருஷம் படித்தால் ஷரீஅத்துக்குத் தனிப் பட்டம் என்று அடுக்கினேன். உங்கள் சட்ட குல்லியாவுக்கு, அதாவது சட்டத் துறைக்கு, பெயர் கொடுத்த அஹ்மத் இப்ராஹிம் கேம்பிரிட்ஜில் படித்தவர், சிங்கப்பூரின் முதல் அட்டர்னி ஜெனரல், அதற்கப்புறம் மலேசியாவுக்கு வந்து இதைக் கட்டினார் என்று நீ சொன்னதையும் நானே கண்டுபிடித்த மாதிரி சொன்னேன். இரண்டு சட்டமும் ஒரே தலையில் எதற்கு என்று மட்டும் எனக்குள்ளேயே ஒரு சந்தேகம் இருந்தது. இங்கே முஸ்லிம் சட்டம் என்றால் குடும்பச் சட்டத்துக்குள் ஒரு பகுதி, முல்லா என்பவர் எழுதிய முஸ்லிம் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் முடிந்தது.

பதில் உன் கணக்கில்தான் கிடைத்தது. போன வாரம் அந்தப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு நம் கோர்ட் கண்ணால் பார்த்தேன். பதிவான ஆவணம். ரத்து செய்யக் கேட்க மூன்று வருஷம்தான் காலவரம்பு. 2007-லேயே கதவு மூடியாயிற்று. எதிர்த்தரப்பு என்னிடம் வந்திருந்தால் "கேஸ் இல்லம்மா" என்று பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்பியிருப்பேன். அப்புறம் நீ அனுப்பிய பாடக் குறிப்பைப் படித்தேன். துருக்கியர் தொகுத்த மஜல்லா என்ற சட்டத் தொகுப்பு, ஜொகூரிலும் மலாயில் நடைமுறையில் இருந்தது என்று எழுதியிருந்தாயே, அதன் 1674-ஆம் விதி. காலம் கடந்ததால் உரிமை அழியாது. அதே புத்தகம், இத்தனை வருஷம் கழித்து வந்தால் காஜி வழக்கைக் கேட்க மாட்டார் என்றும் சொல்கிறது. பார், கோர்ட் கதவை அதுவும் மூடத்தான் செய்கிறது. ஆனால் கதவு மூடினால் கடன் தீர்ந்தது என்று சொல்லவில்லை. நான் இருபது வருஷமாக மூடிய கதவையே ரசீது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாரிசு ஒருவர் விலகிக்கொள்ளும் தகாருஜ் ஷரீஅத்தில் உண்டே என்று நீயே சமாதானம் சொல்லலாம். உண்டு. ஆனால் விலகுகிறவர் கைக்கு ஏதாவது வந்திருக்க வேண்டும். அந்தப் பத்தாயிரம்தான் வரவில்லையே.

சரி, இப்போது செய்வதைச் சொல்கிறேன். நீ 70 என்று எழுதினாய். நான் 80 என்று போட்டிருக்கிறேன். தாதியின் 30 சென்ட்டையும் அன்றே எழுதி வாங்கியிருக்காவிட்டால் தாதிக்குப் பின் அதில் 10 பூபிக்கு வந்திருக்கும். ஹிபாவாக, அதாவது தானமாக, வாயால் சொல்லி, அவள் ஏற்று, நிலத்தை ஒப்படைத்தால் நம் சட்டப்படி போதும். பதிவு கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2011-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் வாய்ச்சொல்லைக் கொண்டுபோய் தாலுகா ஆபீஸில் பட்டா மாற்று பார்ப்போம். அதனால் செட்டில்மென்ட்டாகவே பதிவு செய்கிறேன். பிரித்து அளக்காத பங்கை ஹிபா கொடுப்பதில் நம் ஹனஃபி சட்டப் பிரிவில் ஒரு சிக்கல் இருப்பதால் முதலில் சர்வேயர், அப்புறம்தான் பத்திரம். உங்கள் ஊர் ஷாஃபி பிரிவில் அந்தத் தடை இல்லை. (பதிலுக்கு அங்கே வலி எனப்படும் காப்பாளர் இல்லாமல் பெண்ணுக்கு நிக்காஹ் இல்லை; ஹனஃபியில் வயது வந்த பெண் தானே சம்மதித்துச் செய்துகொள்ளலாம். இந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.)

ஒரு விஷயத்துக்கு நீ உதவ வேண்டும். கிணறு என் பக்கம் விழுகிறது. அவள் பக்கத்துக்குத் தண்ணீர் பாத்தியம் எழுத வேண்டும். இங்கே 1882 ஈஸ்மென்ட் சட்டப்படி எழுதிவிடுவேன். உன் புத்தகங்களில் பாசன உரிமைக்கு என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து அனுப்பு. எதிர்காலத்தில் என் வாரிசு எவரும் மோட்டார் ரூமைப் பூட்ட முடியாதபடி இருக்க வேண்டும். என் வாரிசு நீதான் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

நேற்று காவேரிப்பட்டணம் போய்ச் சொல்லிவிட்டேன். பூபி அழுவாள், இல்லை திட்டுவாள் என்று தயாராகப் போனேன். டீயை வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த மூலை நாட்டு மாமரம் யார் பக்கம் வருகிறது பாய்?" என்றாள். சின்ன வயதில் அவள் ஊஞ்சல் கட்டிய மரம்.

உன் பக்கம்தான் என்று சொல்லிவிட்டேன். வரைபடத்தில் அது என் பக்கத்தில் நாலடி உள்ளே இருக்கிறது. வியாழக்கிழமை சர்வேயர் வருகிறார், அதற்குள் கோட்டைத் தள்ளிப் போட வேண்டும். எண்பது, எண்பத்தொன்றாகலாம்.

துஆவுடன்,
உன் அப்பா