கே.எல். ராவ் ‘அமைச்சர் ஒருவர்’ மட்டும்தானா?

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நதிநீர் இணைப்பு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, கங்கை–காவிரித் திட்டத்தை ‘அந்நாளைய மத்திய அமைச்சர் ஒருவர் மேடையில் சொல்லிவைத்த யோசனை’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. அந்த அமைச்சர் டாக்டர் கே.எல். ராவ் என்பது தங்களுக்குத் தெரியாதிருக்க வழியில்லை. தெரிந்தும் பெயரை விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

கிருஷ்ணா மாவட்டத்தில் 1902இல் பிறந்து, பள்ளிப் பருவத்திலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்து, நம் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்து, பர்மிங்காமில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். சென்னை அரசிலும், பின்னர் தில்லியில் மத்திய நீர், மின் ஆணையத்திலும் அணை வடிவமைப்பில் ஊறிய பிறகே விஜயவாடா தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். நாகார்ஜுனசாகர் அணை உருவானதில் அவருடைய பங்கை ஆந்திர மக்கள் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். 1963இல் பாசன, மின்சாரத் துறை அமைச்சரானவர், நேரு, சாஸ்திரி, இந்திரா காந்தி என மூன்று பிரதமர்களின் கீழ் பணியாற்றினார்.

1972இல் அவர் முன்வைத்தது மேடைப் பேச்சன்று, கணக்கு. பாட்னா அருகே கங்கையிலிருந்து ஆண்டுக்கு 150 நாட்கள் விநாடிக்கு 60,000 கனஅடி நீரை எடுத்து, 2,640 கிலோமீட்டர் கடத்திக் கல்லணை வரை கொண்டுவருவது அத்திட்டம். அவ்வளவு நீரை மேட்டுக்கு ஏற்றுவதற்கான மின்சாரமும் செலவும் தாங்க முடியாதவை என்று வல்லுநர்கள் பின்னர் மறுத்தார்கள்; அந்த மறுப்பு நியாயமென்றே நானும் கருதுகிறேன். ஆனால் அவர்கள் கணக்குக்குக் கணக்கால் பதில் சொன்னார்கள். தங்கள் கட்டுரையாளர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

காவிரிப் பாசனத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். ஒரு கோடையில் பார்வையிட வந்த அமைச்சர் ஒருவரிடம், தலைமதகில் திறக்கும் நீரில் எவ்வளவு வழியிலேயே கசிந்துபோகும், கடைமடைக்கு எத்தனை நாள் கழித்து எவ்வளவு சேரும் என்று விளக்க முயன்றேன். அவர் படக்காரரைத் தேடிக்கொண்டிருந்தார். நீரின் அளவை அறிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் கடைமடை விவசாயிக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை அன்று முதல் நினைத்துப் பார்க்கிறேன். அதனால்தான் ராவைப் பெயரில்லாமல் கடந்துபோவதை என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

இது முதல் முறையும் அன்று. அணைகளைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட சிறப்பிதழில் திறப்பு விழாத் தலைவர்கள் அனைவரும் படத்தோடு இடம்பெற்றிருந்தார்கள். வடிவமைத்த பொறியாளர் ஒருவரின் பெயர்கூட இல்லை. அப்போது நான் எழுதிய கடிதமும் வெளிவரவில்லை. பல்லாண்டு வாசகனான எனக்கு ஒரு வரி பதிலாவது வந்திருக்கலாம்.

அடுத்த இதழில், அந்தத் திட்டத்தை வகுத்தவர் பொறியாளரும் அமைச்சருமான டாக்டர் கே.எல். ராவ் என்று ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்,
தஞ்சாவூர்.