ஹெர்பேரியம் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகங்களின் இடநெருக்கடி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வகுப்பறை போதவில்லை, ஆய்வகம் போதவில்லை என்பதெல்லாம் சரி. ஆனால் நடுவில், காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அடுக்கிய ஹெர்பேரியத்தைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டால் அறை மிச்சமாகும் என்று ஒரு வரி. அதற்குப் பிறகு எதுவும் மண்டையில் ஏறவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அப்படிப்பட்ட ஓர் அறையில் பாடம் நடத்தியவன் நான்.

படமெடுப்பது நல்ல காரியம்தான், நானே உட்கார்ந்து ஸ்கேன் செய்திருக்கிறேன். ஆனால் படத்தில் இருக்கிற பூவை வெந்நீரில் ஊறவைத்து, பிரித்து, சூலகத்தை அறுத்துப் பார்க்க முடியுமா? 1840களில் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த கிருமி எந்த ரகம் என்று 2013இல் தெரிந்தது, அந்தக் காலத்தில் யாரோ அழுத்தி வைத்த நோய்ப்பட்ட இலைகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்துத்தான். டி.என்.ஏ. என்ற பெயரே இல்லாத காலத்தில் சேர்த்து வைத்தவை அவை. பெர்லின் ஹெர்பேரியத்தின் பெரும்பகுதி 1943இல் குண்டுவீச்சில் எரிந்துபோனது. அதற்கு முன்பே, 1929 முதல், அங்கிருந்த டைப் மாதிரிகள் (சிற்றினப் பெயர்களுக்கு ஆதாரமான தாள்கள்) பலவற்றைச் சிகாகோ அருங்காட்சியகத்துக்காகப் படமெடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படங்கள் இன்றும் உதவுகின்றன. ஆனாலும் அதே செடியிலிருந்து எடுத்த இன்னொரு தாள் வேறு எங்காவது பிழைத்திருக்கிறதா என்று ஆய்வாளர்கள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

என் வகுப்பில் ஒரு மாணவி, புத்தகத்தில் உள்ள வர்ணனையை அப்படியே ஒப்பிப்பாள். ஒருநாள் ஒரே சிற்றினத்தின் பதினைந்து தாள்களை மேசையில் பரப்பினேன். ஒன்றில் இலை விரல் அகலம், இன்னொன்றில் உள்ளங்கை அகலம், ஒன்றில் இலையின் அடிப்பக்கம் முழுக்க ரோமம், இன்னொன்று வழவழவென்று. லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒண்ணுதானா சார்?" என்றாள். வகைப்பாட்டியல் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அப்புறம் ஒரு தாளின் மூலையில் ஒட்டியிருந்த சின்னக் காகித உறையைப் பிரித்தாள், உள்ளே உதிர்ந்த விதைகள் நான்கு. பூ எப்போதோ பழுப்பாகிவிட்டது, லேபிளில் மட்டும் "ஓடைக்கரை, பூ வெளிர் மஞ்சள்" என்று பென்சில் எழுத்து. அவள் இன்று இதே துறையில் ஆய்வு செய்கிறாள்.

உங்களுக்குத் தெரியாததில்லை, ஹெர்பேரியப் பொறுப்பாளர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் போடுவதில்லை. எங்கள் அறையில் பழைய விடைத்தாள் மூட்டைகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். புதிதாக வரும் ஒவ்வொரு செடியையும் மைனஸ் இருபது டிகிரியில் சில நாள் உறையவைத்து, பூச்சி செத்த பிறகுதான் நாங்கள் உள்ளே விடுவோம். மூட்டைகளுக்கு யார் அதைச் செய்தார்கள்? வண்டு புகுந்து, சூரியகாந்திக் குடும்பம் இருந்த ஓர் அலமாரி முழுக்கத் தூளாகிவிட்டது. முறையிட்டால், திரும்பவும் சேகரித்துக்கொள்ளலாமே என்கிறார் ஓர் அதிகாரி. சேகரித்த குளமே இப்போது இல்லை, எங்கே போய்ச் சேகரிப்பது? 2024இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் சுமார் 8,25,000 மாதிரிகள் உள்ள தன் ஹெர்பேரியத்தை மூடப்போவதாக அறிவித்தபோது பல நாட்டுத் தாவரவியலாளர்கள் எதிர்த்து எழுதினார்கள். உங்கள் பத்திரிகையில் அதற்கு ஒரு பெட்டிச் செய்திகூட வரவில்லை. நானும் இரண்டு முறை கடிதம் போட்டேன், பதில் இல்லை.

அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் மட்டும் போடுங்கள். கட்டுரையோடு வந்த படத்துக்குக் கீழே "பழைய தாள் கட்டுகள்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டில் மேலாக இருக்கும் உறையின் ஓரத்தில் சிவப்புப் பட்டை தெரிகிறது. பல ஹெர்பேரியங்களில் டைப் மாதிரியை, அதாவது ஒரு சிற்றினத்தின் பெயருக்கே ஆதாரமான தாளை, அப்படிப்பட்ட உறையில்தான் வைப்பார்கள். படமெடுத்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டு, அந்தப் படக்குறிப்பையாவது மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்