கப்பல் கிளம்புவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

கடைசிக் கப்பல் இன்னும் பத்து நாளில் கிளம்பிவிடும் என்று எழுதியிருந்தாய். அண்டார்க்டிகாவில் நான் குளிர்காலத்தைக் கழித்த அதே மைத்ரி என்ற இந்திய ஆய்வு நிலையத்தில், நான் பார்த்த அதே ஜெனரேட்டர் பொறுப்பில் நீ இருக்கிறாய் என்பதால், இந்தப் பத்து நாளில் உன் கையாலேயே செய்து முடிக்க வேண்டியவற்றை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. கப்பல் போன பிறகு அங்கே இல்லாத பொருள், அடுத்த கோடை வரை இல்லாத பொருள்தான்.

முதலில் எண்ணெயைப் பார். சாதாரண டீசலில் இருக்கும் மெழுகு கடுங்குளிரில் கெட்டியாகி ஃபில்டரை அடைத்துவிடும் என்பதால்தான் குளிரைத் தாங்கும் எரிபொருளைக் கொண்டு வருகிறார்கள். ஆனால் அதிலும் தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கும். அது குழாயில் உறைந்தால் மெழுகு செய்யும் வேலையையே பனிக்கட்டி செய்துவிடும். ஆகவே ஒவ்வொரு தொட்டியின் அடி வால்வையும் திறந்து, கண்ணாடிப் புட்டியில் பிடித்து, தண்ணீர் தனியே பிரிந்து நிற்கிறதா என்று பார்த்து வடித்துவிடு. முன்பே வடித்தாயிற்று என்று யாராவது சொன்னாலும் நீ ஒருமுறை வடி.

பிரியதர்ஷினி ஏரிக்கரையில் உள்ள பம்ப் அறையை நான் லேசாக நினைத்துவிட்டேன். கதவு ரப்பரில் விரல் நுழையாத அளவு ஒரு கீறல் இருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். இரண்டு நாள் பனிப்புயல் ஓய்ந்து கதவைத் திறந்தபோது, மாவு சலித்துக் கொட்டியதுபோல் உள்ளே முழங்கால் உயரத்துக்குப் பனித்தூள் இறுகிக் கிடந்தது. மோட்டாரின் காற்றுத் துளைகளுக்குள்ளும் அது புகுந்திருந்தது. பகலில் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் நில். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் பனி வரும்.

நெருப்பைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. காற்று வறண்டது, தண்ணீரோ உறைந்தது. 1982 ஏப்ரலில் இதே அண்டார்க்டிகாவில், சோவியத் நாட்டின் வோஸ்தோக் ஆய்வு நிலையத்தில் மின் நிலையம் எரிந்து ஒருவர் இறந்தார். மற்றவர்கள் அந்தக் குளிர்காலம் முழுவதையும் அங்கேயே தள்ள வேண்டியிருந்தது. 2012 பிப்ரவரியில் பிரேசிலின் நிலையம் எரிந்ததும் ஜெனரேட்டர் அறையில் தொடங்கிய தீயால்தான். அதில் இருவர் இறந்தார்கள். அதனால்தான் பிரதான கட்டடத்திலிருந்து விலகி நிற்கும் அவசரக் குடிலை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். அங்கே அடுப்பு, உறங்கு பை, உணவு, வானொலி எல்லாம் இருக்கின்றன என்று பட்டியலில் டிக் போட்டால் போதாது. ஓர் இரவு அங்கே போய்ப் படுத்து, அந்த அடுப்பை நீயே பற்றவைத்துப் பார்.

மருத்துவர் அறையில் எது எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள். உன் பக்கத்திலேயே இருக்கிற நோவோலாசரெவ்ஸ்கயா என்ற ரஷ்ய நிலையத்தில் 1961 ஏப்ரல் 30 அன்று ரோகோசோவ் என்ற மருத்துவர் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தபோது, அவருக்குக் கண்ணாடி பிடிக்கவும் கருவி எடுத்துக் கொடுக்கவும் நின்றவர்கள் மருத்துவர்கள் அல்லர். உன்னைப் போல் வேறு வேலைக்கு வந்தவர்கள்.

வெளியே வைக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் உயரமான மூங்கில் கம்பு நட்டுக் கொடி கட்டிவிடு. மே கடைசியில் மறையும் சூரியன் ஏறத்தாழ இரண்டு மாதம் எழும்பாது. அந்த இருட்டில், கம்பு நடாமல் விட்ட ஒரு ஃபில்டர் பெட்டிக்காக நான் இரண்டு நாள் பனியைத் தோண்டியிருக்கிறேன்.

கடைசியாக, கட்டடங்களுக்கு இடையே கட்டும் வழிகாட்டிக் கயிறு. பனிப்புயலில் நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது; அப்போது அந்தக் கயிறுதான் வழி. முடிச்சுகள் எல்லாவற்றையும் தடித்த கையுறையோடு பிடித்து, உன் முழு எடையையும் கொடுத்து இழுத்துப் பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஜெனரேட்டர் அறை வரை ஒருமுறை போய்த் திரும்பி வா. எத்தனை அடி என்று எண்ணி, அடுத்த கடிதத்தில் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா