ஏற மறுக்கும் சுகர்

அன்புள்ள முகிலனுக்கு,

"ராத்திரி கொஞ்சம் லோ ஆயிடுச்சும்மா, அப்புறம் சரியாயிடுச்சு" என்று, சுகர் இறங்கிப் போனதை அம்மாவிடம் போகிற போக்கில் சொன்னாயாம். அவள் குடைந்து குடைந்து கேட்டதில்தான் மிச்சமெல்லாம் வெளியே வந்திருக்கிறது. உன் கையில் ஒட்டியிருக்கிற சுகர் சென்சாரின் கிராஃபை நீ அனுப்பியதை நானும் பார்த்தேன். பதினொன்றே காலுக்கு 52, அரை மணி கழித்து 58, மறுபடியும் 55. ஒன்றரை மணிக்குத்தான் 80-ஐத் தொட்டிருக்கிறது. இதற்குப் பெயர் கொஞ்சம் லோ இல்லை. போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். மத்தியானம் நம் மருந்துக் கடையில் கூட்டமும் இல்லை.

70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிஷம் காத்திருந்து மறுபடி குத்திப் பார்ப்பது, இதெல்லாம் இன்சுலின் போடுகிற உனக்கு டவுசர் போட்ட காலத்திலிருந்தே பாடம். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கட்டம். இரண்டு தடவை கொடுத்தும் ஏறவில்லை என்றால், இன்னும் என்ன சாப்பிடலாம் என்று அலமாரியைத் துழாவுவதோடு நிறுத்தாதே. உள்ளே எது இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று யோசி. அது தெரியாமல் சாப்பிடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

அன்றைக்கு நடந்ததை வரிசையாக வைத்துப் பார். ஏழு மணியிலிருந்து ஷட்டில். அறைக்கு வந்து பரோட்டா ஆர்டர் செய்துவிட்டு, இதோ வந்துவிடும் என்று ஒன்பதரைக்குத் தொடையில் இன்சுலின் ஊசி. உடனே வெந்நீர்க் குளியல். சாப்பாடு வந்தது பத்தேகாலுக்கு. உழைத்த தசை இன்சுலின் குறைவாக இருந்தாலே சர்க்கரையை இழுக்கும், அந்தப் பசி மறுநாள் வரைகூட இருக்கும். விளையாடின காலில் போட்ட மருந்து சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும், சுடுதண்ணீர் அதை இன்னும் விரட்டும். நீ போடுகிற வேக இன்சுலினின் உச்சம் ஒன்று, இரண்டு மணி நேரத்தில். சால்னாவும் எண்ணெயுமாகப் போன பரோட்டாவோ வயிற்றிலேயே உட்கார்ந்திருக்கும். ஆக பதினொரு மணிக்கு மருந்து முழு வேகத்தில் இருக்கிறது, சாப்பாட்டுச் சர்க்கரை இன்னும் ரத்தத்துக்கு வந்து சேரவில்லை. ஒன்றரை மணிக்கு ஏறியதும் மருந்தின் வேகம் அடங்க ஆரம்பித்ததால்தான். காலையில் 310 காட்டியதற்குப் பாதிக் காரணம் அந்தப் பரோட்டா, மீதிப் பாதி நீ பயத்தில் தின்ற பிஸ்கட் பாக்கெட்.

அந்த நேரத்தில் நீ முதலில் எடுத்தது சாக்லேட். அதில் சர்க்கரை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூடவே கொழுப்பும் இருக்கிறது, அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். பால், ஐஸ்கிரீம், கிரீம் பிஸ்கட் எல்லாம் அதே ஜாதி. லோவுக்கு முதலில் குளுக்கோஸ் பவுடர்தான். அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடி. அது இல்லையென்றால் நாலு டீஸ்பூன் சீனி, தலை தட்டி. அதுவும் இல்லையென்றால் 150 மில்லி கூல்டிரிங்க்ஸ், டயட் என்று போட்டதை மட்டும் எடுக்காதே. 54-க்குக் கீழே போயிருந்தால் முதல் தடவையே 20 கிராமாக எடுத்துக்கொள்.

பெரியப்பாவுக்கு ஒரு தடவை இப்படித்தான் சீனி கொடுக்கக் கொடுக்க ஏறவே இல்லை. அவர் இன்சுலினோடு வோக்லிபோஸ் மாத்திரையும் போடுகிறவர். குடலில் சீனி உடைவதையே அந்த மாத்திரை தாமதப்படுத்தும், அவருக்கு வெறும் குளுக்கோஸ்தான் உடனே கேட்கும். உனக்கு அந்த மாத்திரை கிடையாது. ஆனால் ஊரில் அவரோடு இருக்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்.

இன்னொன்று, சென்சாரை மட்டும் நம்பி அந்தக் கால் மணி நேரத்தை ஓட்டாதே. அது பார்ப்பது தோலுக்கு அடியில் இருக்கிற நீரை, ரத்தத்தை இல்லை. ரத்தத்தில் ஏறிய பிறகும் சில நிமிஷம் அது பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு உன் 55 நிஜமா, சென்சார் பின்தங்கியதா என்று இப்போது யாருக்குத் தெரியும்? கையை அழுத்திப் படுத்திருந்தாலும் குறைத்துக் காட்டும். விரலில் குத்திப் பார். குத்துவதற்கு முன் கையைக் கழுவு. குளுக்கோஸ் பவுடர் ஒட்டிய விரலில் குத்திவிட்டு 180 என்று நிம்மதியாகப் படுத்துவிட்டால் அதைவிட ஆபத்து வேறு வேண்டாம்.

சரி, சாப்பாடும் காரணமில்லை, விளையாட்டும் காரணமில்லை, ஆனாலும் ஏறவில்லை என்றால்? முதலில் இன்சுலின் போடுகிற பேனாவை எடுத்துப் பார். ராத்திரிக்குப் போட வேண்டிய நீண்ட நேர இன்சுலினுக்குப் பதில், தூக்கக் கலக்கத்தில் வேக இன்சுலினை அத்தனை யூனிட் போட்டிருக்கலாம். கடைக்கு வருகிறவர்களில் இப்படி நடந்தது எனக்குத் தெரியும். அப்படியானால் எண் இன்னும் இறங்கும் வரை காத்திருக்கக் கூடாது. குளுக்கோஸைக் குடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. இரண்டு பேனாவில் ஒன்றின் மேல் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வை, இருட்டிலும் கை கண்டுபிடிக்கும்.

பேனா ரிப்பேராகி சிரிஞ்ச் வாங்க நேர்ந்தால் மூடியின் நிறத்தைப் பார்த்து வாங்கு. நம் நாட்டில் இரண்டு அளவும் புழங்குகிறது. சிவப்பு மூடி 40 யூனிட் பாட்டிலுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு. உன் பேனாவுக்குள் போடுகிற கார்ட்ரிட்ஜில் இருப்பது 100. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். எத்தனை ஜூஸ் குடித்தாலும் அந்த லோ அடங்காது. கேட்கும்போது வெறும் "இன்சுலின் சிரிஞ்ச்" என்றால் கையில் கிடைத்ததைத்தான் எடுத்துத் தருவார்கள், நம் தொழில் எனக்குத் தெரியாதா.

வயிற்றில் தொப்புளுக்கு வலப்பக்கம் தடவிப் பார். பழகிய இடம் வலிக்காது என்று அங்கேயே போடுகிறாய், தடித்துப் போயிருக்கும். அந்தத் தடிப்பில் போட்டால் மருந்து சரியாக இறங்காது. அதற்கு ஏற்றபடி டோஸைக் கூட்டிக்கொண்டே போயிருப்பாய். ஒரு நாள் அதே டோஸை நல்ல இடத்தில் போட்டால் சுகர் தடாலென்று விழும். இடத்தை மாற்று, டோஸை டாக்டரிடம் கேட்டுக் குறை. விளையாடுகிற நாளில் ராத்திரி டோஸை எவ்வளவு குறைப்பது என்பதையும் அப்போதே கேட்டுவிடு.

நீ குடிக்கிறாயா என்று நான் கேட்கப் போவதில்லை. சாராயம் உள்ளே போனால் கல்லீரல் அதைக் கவனிக்கப் போய்விடும், புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதை ஓரங்கட்டிவிடும். அந்த லோ மறுநாள் காலையிலும் வரும். பார்க்கிறவர்கள் போதை என்று விட்டுவிடுவார்கள். இவ்வளவுதான் இதைப் பற்றி.

எனக்கு உறுத்துவது வேறு. 52-ல் நீ வேர்க்கவில்லை, நடுங்கவில்லை, சென்சார் கத்தித்தான் எழுந்திருக்கிறாய். அடிக்கடி லோ ஆனால் உடம்பு எச்சரிப்பதை நிறுத்திவிடும். மூன்று மாதச் சராசரியைச் சொல்கிற ஏ1சி 6.2 என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாயே, அதில் எத்தனை லோ ஒளிந்திருக்கிறதோ. இரண்டு மூன்று வாரம் லோ வராமல் பார்த்துக்கொண்டால் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் திரும்பி வரும். அதற்காகச் சராசரி கொஞ்சம் ஏறினால் ஏறட்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் தூங்கிக்கொண்டிருக்க, இரண்டு மணி நேரம் நீ தனியாகப் போராடியிருக்கிறாய். அவனை எழுப்பியிருக்க வேண்டும். இன்றைக்கே அவனிடம் சொல்லி வை. மூன்றாவது தடவை குடித்தும் ஏறவில்லை, வாந்தி வருகிறது, பேச்சு குழறுகிறது என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், அங்கே நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் தண்ணீர், ஏற்றுவார்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். மயங்கியவருக்குச் சுகரை ஏற்றுகிற குளுக்ககான் மருந்து நம் கடைக்கு வருவது அபூர்வம். அங்கே கிடைக்குமா என்று உன் டாக்டரிடம் கேள், கிடைத்தால் அதைப் போடும் விதத்தையும் அவனுக்குக் காட்டு.

குளுக்கோஸ் பவுடரும் ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் இன்றைக்குப் பார்சலில் போடுகிறேன். ஒரு பாக்கெட் கட்டில் பக்கம், ஒன்று ஷட்டில் பையில். டாக்டரிடம் எந்தத் தேதிக்கு நேரம் வாங்கினாய் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், அதுவும் வரும். அது லோவுக்கு இல்லை.

அன்புடன்,
அப்பா